மோடத்திலிருந்து வந்த குரல்

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். கோவில்பட்டி முதலாளி ஒருவர், கோவில்பட்டி டவுனில் இருந்த தன் அலுவலகத்தையும் கயத்தாறுக்குக் கிழக்கே கரிசல்காட்டுக்கு நடுவில் இருந்த தன் தீப்பெட்டித் தொழிற்சாலையையும் (அங்கே அதைத் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள்) இணைத்துத் தரக் கேட்டிருந்தார். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு ரௌட்டர், போன் லைன் வழியாகத் தகவல் அனுப்ப ஒவ்வொரு மோடம். அனுப்ப ஏதாவது இருந்தால் ரௌட்டர் தானாக டயல் செய்ய வேண்டும், வேலை முடிந்தால் தானாகவே துண்டித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இருந்தது ஒரே ஒரு போன் லைன்தான், ஆட்கள் பேசுவதும் அதில்தான்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலையை முந்தின நாளே முடித்துவிட்டேன். மறுநாள் டவுன் அலுவலகத்தில் முதலாளியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சோதித்தேன். ஆடிக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. மோடம் டயல் செய்தது, அந்தப் பக்கம் எடுத்தது, கீச்சுச் சத்தம் எழுந்து அடங்கியது. திரையில் பதில் வந்தது. காலையிலிருந்து உம்மென்று இருந்த முதலாளி லேசாகச் சிரித்தார்.

சட்டென்று தொடர்பு அறுந்தது. அனுப்ப வேண்டியது மிச்சம் இருந்ததால் ரௌட்டர் உடனே மறுபடி டயல் செய்தது. மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். கீச்சுச் சத்தம் வரவில்லை. மோடத்தின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"யாரு பேசுதது? அண்ணாச்சியா? தீப்பிடிச்சிட்டு அண்ணாச்சி! பண்டல் செட்டு எரியுது! கேக்குதா?"

தீப்பெட்டி ஆபீஸில் அலுவலக வேலையைப் பார்த்துக்கொள்ளும் பெண். அவர் பேசுவது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் பேசினால் அவருக்குக் கேட்காது, மோடத்தில் ஸ்பீக்கர் மட்டும்தான் உண்டு. முதலாளி அந்தப் பெட்டியைப் பார்த்துக் கத்தினார். "கேக்குதும்மா! சொல்லு!"

மோடத்தை அணைக்க என் கை போனது. அணைத்தால் லைன் போய்விடும். நாங்கள் திரும்பக் கூப்பிடும்போது அந்தப் பெண் போன் பக்கத்தில் இருப்பாரா? முதலாளி மேஜையில் இருந்த போனும் அதே லைனில்தான் இருந்தது.

"மொதல்ல போன எடுங்க, அப்புறமா இத அணைக்கேன்!" என்றேன்.

அவர் எடுத்தார். நான் மோடத்தை அணைத்தேன். லைன் அறுந்து போகவில்லை.

"எம்மா, நாந்தான். எல்லாத்தையும் வெளிய வரச் சொல்லு. காத்துக்கு எதுத்தாப்ல போகச் சொல்லு. கரண்டு மெயின அமத்து. யாரும் உள்ள போவக் கூடாது, சரக்கு கெடக்கட்டும்!" என்றவர் என்னைப் பார்த்து, "தம்பி, பக்கத்து உரக்கடைல போனு இருக்கு, தீயணைப்புக்குச் சொல்லுங்க" என்றார்.

ஓடினேன். உரக்கடைக்காரர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ரிசீவரைப் பிடுங்கித்தான் வாங்கினேன். இடத்தைச் சொல்லும்போது நாக்கு குழறி, இரண்டாம் தடவைதான் அவர்களுக்குப் புரிந்தது.

முதலாளியின் காரில் கிளம்பினோம். நெடுஞ்சாலையிலிருந்தே புகை தெரிந்தது. போய்ச் சேர்ந்தபோது தீப்பெட்டிகளைப் பண்டல் கட்டி அடுக்கும் அந்தச் செட்டு கூரையோடு விழுந்திருந்தது. மற்ற செட்டுகளுக்குத் தீ பரவவில்லை. வேலை செய்யும் பெண்கள் கரிசல்காட்டுக்குள் கூட்டமாக நின்றார்கள். ஒருவருக்கு முழங்கை வரை சுட்டிருந்தது. ரோட்டில் போன லாரியை மறித்து அவரைக் கயத்தாறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

போனில் பேசிய பெண் கிணற்றடியில் நின்றார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"நீங்கதானே அந்த மிஷின வச்சவிய? போன எடுத்தா கீச்சுன்னு காதக் கிழிக்கி. வச்சிட்டு எடுக்கலாம்னா மணி அடிக்கி. எடுத்தா அங்கன ஆளில்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

உள்ளே போய் மோடத்திலிருந்து போன் வயரைக் கழற்றினேன். முதலாளி வாசலில் நின்று பார்த்தார். "தனி லைன் வந்த பெறவு பாப்பம் தம்பி" என்றார்.

மோடத்துக்கென்று தனி லைன் கிடைக்க மாதக்கணக்காயிற்று. வந்ததும் தீப்பெட்டி ஆபீஸுக்குத் திரும்பப் போனேன். நான் ரௌட்டரைத் தொடுவதற்கு முன்னால், அன்று போனில் கத்திய பெண் தன் மேஜைப் போனை எடுத்துக் காதில் வைத்தார். நான் மோடத்தை டயல் செய்யவிட்டேன். மோடம் கீச்சிட்டு அடங்கும்வரை அவர் போனைக் கீழே வைக்கவில்லை.

"இதுல ஒண்ணும் கேக்கல. சரி, நீங்க பாருங்க" என்றார்.

கை சுட்ட பெண் அன்று வேலைக்கு வந்திருந்தார். பெட்டி ஒட்டும் பகுதியில் உட்கார்ந்து, புதுத் தோல் இழுத்துப் பிடிக்க, மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தார்.