தூக்கிய கை

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ‘ஸ்டீம் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டருக்கும் அக்கா, வாசல் காவலாளிக்கும் அக்கா. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத ஓர் அறை. ஆபரேஷனுக்குப் போகும் கத்தரி, இடுக்கி, துணி எல்லாவற்றையும் கட்டுக்கட்டாக நீராவி மெஷினில் வைத்துக் கிருமி போக்கி அனுப்புவது அவள் வேலை. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு நாடா ஒட்டியிருக்கும். நீராவி சரியாகப் பட்டால் நாடாவின் வெள்ளைக் கோடுகள் கறுத்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் கோடு கறுக்காத ஒரு கட்டுகூட அவளைத் தாண்டி வெளியே போனதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டுமே, பெருமைப்பட அவளிடம் வேறென்ன இருந்தது?

அந்தப் பெருமையும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் போயிற்று. நோயாளியை மயக்கிப் படுக்கவைத்த பிறகு நர்ஸ் கட்டைப் பிரிக்கப் போனாள். கோடுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஆபரேஷன் நின்றது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத் தூங்கி எழுந்தார். ஆனால் ரிஜிஸ்டரில், அந்தக் கட்டு மெஷினுக்குள் போன ஏழாவது லோடுக்கு நேராக ஸ்டீம் அக்காவின் கையெழுத்து இருந்தது. மூன்று வாரத்தில் விசாரணை முடிந்தது, நான்காவது வாரம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலைத் தகராறு வழக்குகளை மட்டும் எடுக்கும் வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. வெளியே போட்டிருந்த பெஞ்சில் வேலை போனவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஒரு பஸ் டிரைவர் மட்டும் தன்னை எப்படி வெளியே தள்ளினார்கள் என்பதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். அவர் கதையை அவள் மூன்று முறை கேட்டுவிட்டாள். சொல்ல முடிகிறதே இந்த மனுஷனுக்கு என்று பொறாமையாகக்கூட இருந்தது.

“ஏழாவது லோடை யாரு போட்டது?” என்றாள் வக்கீலம்மா.

“நான்தாங்க.”

“கதவைச் சரியா பூட்டலையா?”

“நான் பூட்டினா சரியாத்தாங்க பூட்டுவேன்.”

“அப்போ கோடு ஏன் கறுக்கலை?”

ஸ்டீம் அக்கா பையின் வாரை இடது தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். “நீங்க சொல்றதை என்னாலேயே நம்ப முடியலை. நீதிபதி மட்டும் எப்படிம்மா நம்புவாரு? யோசிச்சு, உண்மையைச் சொல்லணும்னு தோணும்போது வாங்க.”

உண்மை என்னவோ சின்னதுதான். அந்த அறையில் இரண்டு மெஷின்கள். பழைய மெஷினின் கதவைப் பூட்ட, தலைக்கு மேலே இருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாகக் கீழே இழுக்க வேண்டும். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவளுடைய வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. வெளியே தெரிந்தால் ‘மெஷினுக்கு லாயக்கில்லை’ என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள். அதனால் பழைய மெஷினைத் தம்பி பெண்டாட்டி போட ஆரம்பித்தாள். அவளை அதே அறையில் கையுதவி வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவள்தான். அவளோ தற்காலிகம், பயிற்சிச் சான்றிதழ் கிடையாது, மெஷினைத் தொடவே கூடாது. ஆகவே அவள் போடுவாள், இவள் கையெழுத்துப் போடுவாள். அந்த ஏழாவது லோடும் அவள் போட்டதுதான், நாடாவைப் பார்க்காமலே இவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஒருத்திக்கு ஒருத்தி பெரிய உபகாரம் செய்வதாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை.

வருஷா வருஷம் வரும் உடல் தகுதிப் பரிசோதனைதான் பெரிய கண்டம். டாக்டர் நிமிராமலே, “வலது கையைத் தூக்குங்க” என்பார். அதற்காக ஸ்டீம் அக்கா ஒரு மாதம் கண்ணாடி முன்னால் பழகுவாள். உடம்பை லேசாகச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, ஒரே வீச்சாக வீசினால் கை மேலே போய்விடும். இறக்கும்போதுதான் உயிர் போகும். டாக்டர் எழுதக் குனிந்ததும் திரும்பி நின்று, இடது கையால் பிடித்து இறக்கிக்கொள்வாள். வேலை நேரத்தில் மறந்துபோய்க் கையைத் தூக்கிவிட்டால், எந்த மூலையில் இருந்தாலும் தம்பி பெண்டாட்டி ஓடிவந்து முழங்கைக்கு அடியில் கைகொடுத்து மெல்ல இறக்கிவிடுவாள். பேச்சுகூட நிற்காது. சொல்லிக்கொண்டிருந்த கதையை அப்படியே சொல்லிக்கொண்டே இறக்குவாள்.

தம்பி வீடும் இவள் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு போர்ஷன். வேலை போன மறுநாளே போய்க் கேட்டாள்.

“கதவு சரியா பூட்டலைன்னு நீயே ஒரு வார்த்தை சொல்லிடும்மா.”

தம்பி பெண்டாட்டி மாவு பிசைந்த கையோடு நின்றாள். “அண்ணி, என்னை நிரந்தரம் பண்றோம்னு கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. உங்க தம்பிக்குக் கண்ணு போனதுலேர்ந்து வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன், சொல்லுங்க.”

அந்தப் பெண்களுக்கு இவள்தானே அத்தை. தன் போர்ஷனுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டி வேலைக்குக் கிளம்பும் செருப்புச் சத்தம் மட்டும் தினமும் கேட்கும்.

வேலை போன பிறகு வந்த நாலு மாதமும் நரகம். விடிந்ததும் குளித்து, தலைவாரி, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். ஐம்பது வயதில் யார் வேலை தருவார்கள்? அழுக்குக் கட்டை அனுப்பியவள் என்ற பெயரோடு எந்த ஆஸ்பத்திரிப் படியை மிதிப்பது? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தையல்காரரான கணவர் அவளைச் சிரிக்கவைப்பதாக நினைத்து, “கையெழுத்து விஷயத்துல நீ மந்திரிக்கு மேல. படிக்காமலேயே போடுவே” என்றார். அவள் பார்த்த பார்வையில் அன்று ஒரு சட்டைக்குக் கழுத்தை மாற்றித் தைத்துவிட்டார்.

அடுத்த முறை போனபோது வக்கீலம்மா அலமாரியைக் காட்டி, “அந்த நீல ஃபைலை எடுங்கம்மா” என்றாள். மேல் தட்டு. ஸ்டீம் அக்கா சிரித்து மழுப்பி, வெளியே இருந்த பஸ் டிரைவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாள். அவர் போனதும் வக்கீலம்மா கேட்டாள். “பையை இடது தோள்ல மாட்டறீங்க. கதவை இடது கையால திறக்கறீங்க. கையில என்ன?”

அவ்வளவுதான். இரண்டரை வருஷமாக அடக்கி வைத்தது முக்கால் மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்தது.

வக்கீலம்மா அவளை வேறொரு டாக்டரிடம் அனுப்பி அறிக்கை வாங்கினாள். பழைய மெஷினின் கைப்பிடி எவ்வளவு உயரம் என்பதையும் எழுதிக்கொண்டாள். “இந்தக் கையால அந்தக் கதவைப் பூட்டவே முடியாது. அப்போ அந்த லோடை நீங்க போடலை. இதுதான் நம்ம கேஸ்.”

“அப்போ யாரு போட்டதுன்னு கேப்பாங்களே?”

“அதை அவங்க நிரூபிக்கட்டும். நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன்.”

“கை விளங்காதவளுக்கு எதுக்கு வேலைன்னுடுவாங்களேம்மா?”

“வேற வேலை கேட்போம். கிடைக்கும்னு வாக்கு கொடுக்க மாட்டேன். ஆனா அழுக்குக் கட்டை அனுப்பினவங்கற பேரு போகும்.” பிறகு விரலை நீட்டிச் சொன்னாள். “சத்தியப் பிரமாணத்துக்கு வலது கையைத் தூக்கச் சொல்லுவாங்க. முடியலைன்னு சொல்லிடுங்க. நடிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். புரியுதா?”

“புரியுதுங்க” என்றாள். வழி முழுக்க ‘முடியலைங்க, முடியலைங்க’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

தொழிலாளர் நீதிமன்றம் பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி நீளமாக இருந்தது. முதலில் நிர்வாகத் தரப்புச் சாட்சி. பெயர் கூப்பிட்டதும் எழுந்து போனது தம்பி பெண்டாட்டி. வருவாள் என்று வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தாள்தான். காதால் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

“ஏழாவது லோடை அண்ணிதான் போட்டாங்க” என்றாள் தரையைப் பார்த்து. வக்கீலம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், குறுக்கு விசாரணை வேண்டாம் என்றாள். தம்பி பெண்டாட்டி பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து இவள். குமாஸ்தா சத்திய வாசகம் எழுதிய ஒரு அட்டையை அவள் இடது கையில் கொடுத்தார். கூண்டுக் கம்பியும் அட்டையுமாக இடது கை நிறைந்துவிட்டது. குமாஸ்தா நிமிராமலே, வறண்ட குரலில், “வலது கையைத் தூக்குங்க” என்றார். அந்தப் பாழாய்ப்போன டாக்டரின் குரல் அப்படியே.

உடம்பு தானாகச் சாய்ந்தது. மூச்சு நின்றது. கை வீசிக்கொண்டு மேலே போய்விட்டது.

போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நிர்வாகத்து வக்கீல் துள்ளி எழுந்தார். “பாருங்க ஐயா! தூக்கவே முடியாதுன்னு அறிக்கை கொடுத்தாங்க. எவ்வளவு அழகா தூக்கறாங்க பாருங்க!”

எல்லாம் போயிற்று. வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று, இப்போது பொய்க்காரி என்ற பட்டமும் சேர்ந்தது. ‘முடியலைங்க’ என்று சொன்னாள், நிர்வாகத்து வக்கீலின் குரலில் அது அமுங்கிப்போயிற்று. தோளுக்குள் நெருப்பு. கையை இறக்க வழியில்லை. அத்தனை பேர் பார்க்கத் திரும்பி நிற்கவும் முடியவில்லை. கண்ணீர் முகவாய் வரைக்கும் வந்துவிட்டது, கை மட்டும் மேலேயே நின்றது.

பின்னால் பெஞ்சு நகரும் சத்தம். யாரோ ஓடிவந்தார்கள். குமாஸ்தா தடுக்கும் முன்னால் ஒரு கை அவள் முழங்கைக்கு அடியில் வந்தது. இன்னொரு கை தோளைத் தாங்கியது. “மெதுவா, அண்ணி. மூச்சை விடுங்க. அவ்வளவுதான், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே தம்பி பெண்டாட்டி கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள்.

இறக்கி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க நிர்வாகத்தோட சாட்சிதானே? எதுக்கு ஓடிவந்தீங்க?”

தம்பி பெண்டாட்டி நிர்வாகத்து வக்கீலைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். ஸ்டீம் அக்கா வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

“அண்ணிக்குத் தனியா இறக்க வராதுங்க” என்றாள் தம்பி பெண்டாட்டி. “ரெண்டரை வருஷமா நான்தான் இறக்கி விடறேன்.”

முழங்கையைப் பிடித்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.