நங்கூரம் விழாத வியாழக்கிழமை

என் தம்பி பெண்டாட்டி செவஸ்தியைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொன்னால் இந்தத் தீவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அவளைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் ஊர் முழுக்கப் பேசித் தீர்த்தவள் நான்தான். மிச்சத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் மலைமேல் இருக்கும் ஊரில் பிறந்தவள். இருபத்து மூன்று வயதில் துறைமுகத்து ஓட்டலுக்குத் துணி தேய்க்க வந்தாள். என் தம்பி பொத்தித்தோஸுக்கு விசைப்படகு இருந்தது. எங்கள் துறைக்குள் பெரிய கப்பல் வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகளைக் கரைக்குக் கொண்டுவருவது அவனைப் போன்ற படகுக்காரர்கள்தான். ஒருநாள் அவன் எண்ணெய்க் கையை அவள் தேய்த்து வைத்திருந்த மேஜைவிரிப்பில் துடைத்துவிட்டான். அவள் அந்த விரிப்பாலேயே அவன் முதுகில் நாலு வைத்தாள். அடுத்த ஈஸ்டர் கழிந்து கல்யாணம். பிள்ளை பிறக்கவில்லை. அதற்கும் நான் அவளைத்தான் பேசினேன்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயதானபோது ஓட்டலை மூடிவிட்டார்கள். உல்லாசக் கப்பல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை எங்கள் தீவுக்கு வரும் கப்பல் அது.

"இங்கதானே வருது, அக்கா. பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ நாலு மணி நேரம் வீட்ல இருப்பா" என்றான் பொத்தித்தோஸ்.

"நாலு மணி நேரத்துக்கு ஒரு பொண்டாட்டியா? நல்லா இருக்குடா உன் குடித்தனம்!" என்றேன்.

அந்த நாலு மணி நேரமும் காற்றின் தயவில்தான். ஜூலை பிறந்தால் எங்கள் கடலில் வடகாற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். மழை கிடையாது, மேகம் ஒரு பொட்டு கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் கடல் வெள்ளை வெள்ளையாகப் பொங்கும், படகு கப்பலோடு ஒட்டி நிற்க முடியாது. கப்பல் தீவின் முனையைச் சுற்றி வந்து, ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, இறங்க வழியில்லை என்று திரும்பிவிடும். 'இவ்வளவு வெயில் அடிக்கிறதே, ஏன் இறங்கக்கூடாது?' என்று பயணிகள் சண்டை போடுவார்களாம். போட்டுவிட்டு நீச்சல்குளத்துக்குப் போவார்கள். ஆளுக்கு இரண்டு, மூன்று துண்டு எடுப்பார்கள். அத்தனையும் கீழே செவஸ்தியிடம் வரும். ஊரில் இறங்க முடியாத நாளில்தான் அவளுக்கு வேலை இரண்டு மடங்கு. சலவைக்கூடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் இல்லை. கொக்கியில் தொங்கும் சட்டைகள் ஆடும் ஆட்டத்தை வைத்துத்தான் இன்றைக்கு வீடு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வாளாம்.

அப்படிப்பட்ட நாளில் பொத்தித்தோஸ் துறையின் வாய்வரைக்கும் படகைக் கொண்டுபோய் நிற்பான். அதற்கு மேல் போனால் படகு கவிழும். அவள் ஒரு நிமிஷம் மேலே ஓடி, ஊழியர்கள் சிகரெட் பிடிக்கும் பின்தளத்தில் நின்று ஒரு வெள்ளைத் தலையணை உறையை ஆட்டுவாள். இவன் தொப்பியை ஆட்டுவான். கப்பல் போய்விடும். இவன் நனைந்துகொண்டு வீட்டுக்கு வருவான்.

"பைத்தியங்களா! சின்னப்புள்ளைங்களாடா நீங்க?" என்று கத்துவேன்.

"அவ அங்க இருக்கான்னு எனக்குத் தெரியுது, நான் இங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியுது. உனக்கென்னக்கா போச்சு?" என்பான்.

இப்படி ஐந்து வருஷம். அப்புறம் ஒரு ஜனவரி மாதம், படகைக் கட்டக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நாலு வயது. கப்பல் அப்போது அட்லாண்டிக்கின் நடுவில் இருந்தது. கரை சேர இன்னும் ஐந்து நாள். எங்கள் ஊரில் மறுநாளே அடக்கம். திறந்த சவப்பெட்டிக்கு முன்னால் ஊரே வந்து கடைசியாக முகம் பார்த்துவிட்டுப் போனது. பெண்டாட்டி மட்டும் இல்லை.

நாற்பதாம் நாள் அவள் ஏதோ துறைமுகத்திலிருந்து போன் செய்தாள். நான் கேட்டேன், கேட்டே விட்டேன். "முகத்தக்கூட பாக்க வரல இல்ல நீ? தேய்க்கத் துணி நெறைய இருந்துச்சோ?"

அவள் போனை மெதுவாக வைத்துவிட்டாள்.

எங்கள் கல்லறைத் தோட்டம் சின்னது. மூன்று வருஷம் ஆனால் குழியைத் திறந்து எலும்புகளை எடுத்துவிட வேண்டும். வீட்டுப் பெண்கள் அதை ஒயினில் கழுவி, வெள்ளைத்துணியில் காயவைத்து, பெயர் எழுதிய பெட்டியில் வைப்போம். பெட்டி கோயிலுக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போகும். பொத்தித்தோஸின் முறை இந்த வருஷம் வந்தது. ஆகஸ்டுக்குள் குழி காலியாக வேண்டும் என்று ஊர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். செவஸ்திக்கு ஒப்பந்தம் நவம்பர்வரை. நடுவில் விடமாட்டார்கள்.

"மதினி, யாரும் தொடாதீங்க. நான்தான் கழுவணும்" என்றாள் போனில். "அன்னைக்குப் பாக்காத முகத்த, எலும்பாவாவது என் கையில வாங்கிக்கிறேன். வியாழக்கிழமை வருவேன்."

முதல் வியாழக்கிழமை காற்று. பதினைந்து நாள் கழித்து வந்த வியாழக்கிழமையும் காற்று. மிச்சம் இருந்தது ஆகஸ்டின் கடைசி வியாழன் ஒன்றுதான். பாதிரியார் நல்ல மனுஷன். "அன்னைக்கும் கப்பல் நிக்கலைன்னா நவம்பர்வரைக்கும் நான் அவகாசம் வாங்கித் தரேன், ஸம்பெத்தா. ஆனா ஒண்ணு, திறந்த குழியத் திருப்பி மூட முடியாது" என்று என்னிடம் சொன்னார். செவஸ்தியும் சொல்லியிருந்தாள்: "நங்கூரச் சங்கிலி விழற சத்தம் கேட்டப்புறம் தோண்டினாப் போதும், மதினி."

இதைவிடத் தெளிவாக ஒருத்திக்கு எப்படிச் சொல்ல முடியும்?

அந்த வியாழக்கிழமை காலையில் கடல் தட்டையாகக் கிடந்தது. நானும் கல்லறைக் காவல்காரன் மார்கெதிஸும் மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் காத்திருந்தோம். ஒன்பது மணிக்குக் கப்பல் முனையைச் சுற்றி வந்தது. எங்கள் ஊரில் முனையில் கப்பல் தெரிந்தால் அது வந்துவிட்ட கணக்குதான். கடைக்காரர்கள் தொப்பிகளைத் தொங்கவிடுவார்கள், காப்பிக்கடையில் நாற்காலி போடுவார்கள், கழுதைகளுக்குச் சேணம் ஏறிவிடும். கீழே அதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. எனக்கும் கை பரபரத்தது. அவள் வந்ததும் நேரம் வீணாகக் கூடாது, நாலே மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

"என்னக்கா, ஆரம்பிக்கவா?" என்றான் மார்கெதிஸ்.

"இன்னும் என்ன மணி அடிக்கணுமா உனக்கு? அதான் கப்பல் வந்தாச்சே, தோண்டு!"

தோண்டினான். முக்கால் மணி நேரத்தில் மண்ணுக்குள் துணி தெரிந்தது, பிறகு தோள் எலும்பு. அப்போதுதான் என் தலைத்துணி பின்பக்கமாகப் பறந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தூரத்துக் கடல் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கப்பல் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. சங்கிலிச் சத்தம் இல்லை. இன்னொரு வட்டம். கீழே காப்பிக்கடைக்காரன் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினான்.

போன் அடித்தது.

"மதினி, காத்து வந்துருச்சு." அவள் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் கப்பல் தலைவன் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தான். "இறங்கலையாம். பரவாயில்ல, நவம்பர்ல வரேன். நீங்க ஒண்ணும் தோண்டலையே?"

பேச்சில் எனக்கு இந்தத் தீவில் ஜோடி கிடையாது. அன்றைக்குக் குழியைப் பார்த்தேன், மார்கெதிஸைப் பார்த்தேன்.

"மதினி?"

"தோண்டியாச்சுடி."



"யாரு தோண்டச் சொன்னது?"

"நான்தான்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டது வேறு.

"இடது கை தெரியுதா? முழங்கைக்குக் கீழ பாருங்க. ஒரு முடிச்சு இருக்கும். படகு இடிச்சு முறிஞ்சப்போ நான்தான் துடுப்ப உடைச்சு வச்சுக் கட்டினேன். கோணலாக் கூடிருச்சு."

மார்கெதிஸ் விரலால் மண்ணைத் தள்ளினான். முடிச்சு இருந்தது.

"இருக்குடி."

அப்போதுதான் அவள் அழுதாள். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். "கூப்பிடறாங்க மதினி. எல்லாரும் கப்பல்லயே இருக்காங்க இல்ல, துண்டு மலையா குவிஞ்சு கெடக்கு. நீங்களே கழுவிடுங்க. உங்க கை அவருக்கு என்ன அந்நியமா?"

"வாய மூடு! மேல வா. பின்தளத்துக்கு வாடி, ஒரு நிமிஷம்!"

கேட்டாளோ இல்லையோ, இணைப்பு அறுந்துவிட்டது. ஐயோ என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கப்பல் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. துறையின் வாயில் நிற்க இப்போது படகு இல்லை, தம்பி இல்லை. அவள் எதைப் பார்த்து ஆட்டுவாள் என்று நினைத்தபோது, பின்தளத்தில் வெள்ளையாக ஒன்று விரிந்தது. தலையணை உறை இல்லை. முழுக் கட்டில்விரிப்பு.

எலும்பு காயவைக்க வைத்திருந்த புதுத்துணியை எடுத்துக்கொண்டு சுற்றுச்சுவர்மேல் ஏறினேன். அறுபத்தொரு வயதில். மார்கெதிஸ் என் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு குழி போதும்க்கா, இன்னொன்னு வெட்ட வைக்காதீங்க!" என்று அலறினான். இரண்டு கையாலும் ஆட்டினேன். அவள் பார்த்துவிட்டாள், ஏனென்றால் விரிப்பு இன்னும் மேலே எழும்பியது. பிறகு காற்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கடலில் போட்டது. கொஞ்ச நேரம் மிதந்தது. கப்பல் போய்விட்டது.

பாதிரியார் மூச்சிரைக்க வந்தார். நான் கழுவினேன். கால், இடுப்பு, விலா, கை. அந்த முடிச்சில் முத்தம் கொடுத்தேன். தலை என் கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். மண்ணோடு அப்படியே வெள்ளைத்துணியில் சுற்றினேன்.

"ஸம்பெத்தா, அரைகுறையா வைக்கக்கூடாதும்மா" என்றார் பாதிரியார்.

"நீங்க ஜெபத்தப் பாருங்க சாமி. இது அவளோடது."

அவர் பெட்டியைப் பின்னறைக்கு அனுப்பாமல் கோயிலுக்குள்ளேயே மாதா படத்துக்குக் கீழே வைக்க இடம் கொடுத்தார். பக்கத்தில் திறக்காத ஒயின் பாட்டில் ஒன்றை வைத்தேன்.

நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து, தீவுக்குப் படகேறும் பிரேயஸ் துறைமுகம்வரை வந்துவிட்டாள். அங்கிருந்து போன்.

"மதினி, இங்கயும் கப்பல் விடலையாம். காத்தாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உக்காருடி. அவன் எங்க போயிடப் போறான்?"

இரண்டு நாள் அந்தத் துறைமுகக் கூடத்தின் பெஞ்சிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் வந்து இறங்கியவள் வீட்டுக்கு வரவில்லை. நேரே கோயிலுக்குப் போனாள். சலவை மருந்து தின்ற கைகள், நகமெல்லாம் வெளுத்திருந்தது. நான் ஒயினைத் திறந்து கொடுத்துவிட்டு வெளியே போகத் திரும்பினேன்.

"இருங்க மதினி."

இருந்தேன். அவள் அவசரப்படாமல் வெள்ளைத்துணியைப் பிரித்துத் தலையை எடுத்தாள். நெற்றியை முதலில் கழுவினாள், பிறகு கண் இருந்த இடம், கன்னம், தாடை. முன்பல் ஒன்றில் மூளி இருந்தது. அதில் கட்டைவிரலை வைத்து, "பாட்டில் மூடியப் பல்லால திறக்காதன்னு எத்தன தடவ சொன்னேன்" என்று அவனிடமே சொன்னாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"செவஸ்தி, அன்னைக்கு நான் போன்ல சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"முகத்தப் பாத்துட்டேன் மதினி" என்றாள். கோபம் இல்லை. துணியோடு சேர்த்து என் பக்கம் நீட்டினாள். "நீங்களும் ஒருதடவ பாத்துக்குங்க. அன்னைக்கு அழுகையில உங்களுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது."

அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அடக்கத்தன்று சவப்பெட்டி திறந்திருந்த நேரம் முழுவதும் மெழுகுவர்த்தி எடுக்கிற சாக்கில் நான் கோயிலுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். மூடி அடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தேன். பத்தடி தூரத்தில் இருந்தும் தம்பியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.