பித்தளைக் குடத்தை ஆட வைத்தவர்

அன்று காலை வேலுச்சாமி அண்ணன் இரண்டு கேன்களோடு வந்தார். வழக்கமாக அவர் கையில் ஒன்றுதான் இருக்கும். மீனாட்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பாலின் தரம் பார்ப்பது என் வேலை. எனக்குப் பக்கத்தில் நின்று பாலை அளந்து வாங்குபவர் நாட்ராயன் அண்ணன், வேலுச்சாமி அண்ணனின் உடன்பிறந்த தம்பி. எப்போதும் எனக்கு முன்னால் வந்து நிற்கும் அவரை அன்று காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"என்ற தம்பி போயிட்டானுங்க அம்மணி. வெடியக்காலைல நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல. மாடு மடி கட்டிக் கத்துச்சு. அதையும் நானே கறந்துட்டேன். இது அவன் ஊட்டுப் பாலுங்க. எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியல" என்றார்.

கேனை நான் வாங்கி வைத்தேன். நான் அழுத்தக்காரி என்று ஊரில் பெயர் எடுத்தவள். அன்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன்.

நாட்ராயன் அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குள்ளமான உருவம், தோளில் எப்போதும் ஒரு துண்டு, பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல். அளவில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. நுரை அடங்கும்வரை காத்திருந்துதான் அளவைச் சொல்வார். அவசரப்படுகிறவர்களிடம், "நுரைக்குத் தீனி போட்டீங்களா, மாட்டுக்குப் போட்டீங்களா?" என்று கேட்பார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிஷின் தப்பாகக் காட்டி, ஆளாளுக்கு என்னிடம் சத்தம் போட்டார்கள். அன்று எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அந்த நன்றி எனக்குக் கடைசிவரை இருந்தது.

அப்படிப்பட்டவர் தன் அண்ணனோடு மட்டும் பேச்சில்லாமல் இருந்தார். அப்பா காலத்து வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்துக்கொண்டவர்கள். அதில் சண்டை இல்லை. பொதுக்கிணற்றில் யார் முறைக்கு யார் மோட்டாரைப் போட்டது என்று ஒரு கோடையில் வாய் தடித்தது. தோட்டத்துக்கு ஆளுக்கொரு பைப் லைன் போட்டுக்கொண்டார்கள், அத்தோடு பேச்சு நின்றுபோனது. ஆனால் தினமும் காலையில் அண்ணன் பால் கொண்டுவர வேண்டும், தம்பி அளக்க வேண்டும். "எத்தனை லிட்டருன்னு கேளுங்க அம்மணி" என்பார் அண்ணன். "எட்டரைன்னு சொல்லுங்க அம்மணி" என்பார் தம்பி. இருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான் இருக்கும். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே கிடையாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள்.

நாட்ராயன் அண்ணனுக்கு மேளம் என்றால் உயிர். எங்கள் பக்கத்துக் கோயில் நோம்பிகளில் அடிக்கும் ஜமாப் மேளத்தைக் கேட்க வேலந்தாவளம், ஆனைகட்டி என்று எங்கும் போய்விடுவார். திரும்பி வந்து, பதிவு செய்ததைப் போனில் எங்களுக்குப் போட்டுக் காட்டுவார். அதில் உருமி கொசு கத்துவதுபோல் கேட்கும். "இது மேளமாங்க? நெஞ்சுல இடிக்கோணும்" என்பார். கடைசியில் நெஞ்சில் இடிக்கிற சப்வூஃபர் பெட்டியைத் தானே செய்வதென்று இறங்கினார். ஸ்பீக்கரைக் கோயம்புத்தூரில் வாங்கினார். பெட்டிக்குப் பலகையைக் கஞ்சிக்கோட்டிலிருந்து கொண்டுவந்தார்.

ஸ்பீக்கரோடு வந்த தாளில், பெட்டிக்குள் இத்தனை லிட்டர் காற்று இருக்க வேண்டும், காற்று வந்துபோக இத்தனை நீளத்தில் ஒரு குழாய் வைக்க வேண்டும் என்று போட்டிருந்ததாம். லிட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் நாட்ராயன் அண்ணனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "லிட்டரு நமக்குச் சொல்லியா தரோணும்?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை ஆணியடித்துப் பசை போட்டு முடித்து, மல்லாத்தி வைத்து, பால் அளக்கும் பாத்திரத்தால் தண்ணீரை ஊற்றி அளந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மறுநாள் பார்த்தால் பெட்டி ஊறின புண்ணாக்குபோல் பொதபொதவென்று கிடந்தது. பால் அளக்கிறவரைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வேலுச்சாமி அண்ணனுக்கும் அது தெரிந்துவிட்டது. உப்பிப்போன பலகைகளை வாசலில்தானே போட்டிருந்தார்கள். மறுநாள் பால் ஊற்ற வந்தவர் என்னைப் பார்த்து, "பெட்டிக்குத் தண்ணி காட்டுன ஆளப் பாத்திருக்கீங்களா அம்மணி?" என்று கேட்டார். நாட்ராயன் அண்ணன் குனிந்து அளந்துகொண்டிருந்தார். ஆனால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததை நான் கவனித்தேன்.

இரண்டாவது பெட்டியை நல்ல பிளைவுட்டில் செய்தார். இந்த முறை தண்ணீருக்குப் பதில் மாட்டுத் தீனிக்கு வைத்திருந்த பருத்திக்கொட்டையைக் கொட்டி அளந்தார். குழாய்க்குக் கடைக்குப் போகவில்லை. தோட்டத்து லைன் போட்டபோது மிஞ்சிய துண்டு ஒன்று கிடந்தது. குழாயின் வாய் நேராக வெட்டியபடி இருந்தால் காற்று புஸ்ஸென்று இரையும் என்று யாரோ சொன்னார்களாம். நாமெல்லாம் தோட்டத்தில் பைப்பை இணைக்க ஓலைத்தீயில் வாட்டி விரிப்போமே, அதேபோல வாட்டி, ஒரு செம்பின் அடியில் அழுத்தி வாயை விரித்துவிட்டார். முதல் தடவை மேளத்தைப் போட்டபோது மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த பருத்திக்கொட்டைகள் அந்தக் குழாய் வழியாகத் துள்ளி வெளியே வந்தன. நான் பார்க்கப் போயிருந்தேன். என் நெஞ்சிலும் இடித்தது.

பெட்டியை அவர் வைத்திருந்த இடம்தான் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டை இரண்டாக்கிய அந்தப் பொதுச்சுவரின் மூலையில், குழாயின் வாய் சுவரைப் பார்த்தபடி வைத்திருந்தார். அந்தப் பக்கம் வேலுச்சாமி அண்ணனின் சமையலறை. ஏன் இங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மூலையில் வைத்தால்தான் இடி நன்றாக வரும் என்றார். மற்ற மூன்றும் மூலை இல்லையா என்று விடாமல் கேட்டேன். கொஞ்ச நேரம் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எங்கண்ணன் நல்லதுக்குப் பேச மாட்டாருங்க அம்மணி. சண்டைக்காவது வருவாரில்ல?"

அவர் மனைவி சரஸ்வதி அக்காவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. பேசாமல் இருப்பதாவது பரவாயில்லை, இனி போலீஸ், கேஸ் என்று போய்விட்டால் சாவு வாழ்வுக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க முடியாது என்று புலம்பினார். அவர் பயந்ததுபோலவே, வேலுச்சாமி அண்ணன் பஞ்சாயத்து மெம்பரிடம் சொல்லப் போவதாகப் பேச்சு வந்தது. நாட்ராயன் அண்ணன் அன்று அளவைச் சொல்லும்போது இரண்டு முறை தடுமாறினார். பெட்டியை எடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்கவும் செய்தார்.

அடுத்த நாள் காலை வேலுச்சாமி அண்ணன் கேனை டங்கென்று வைத்தார். தன் சமையலறை அட்டாலிப் பரணில் இருக்கிற பித்தளைக் குடம் ஆடி ஆடி விளிம்புக்கு வந்துவிட்டது, விழுந்தால் யார் பொறுப்பு என்று அவனிடம் கேளுங்கள் என்று என்னிடம் சொன்னார். நாட்ராயன் அண்ணனும் என்னைப் பார்த்தே, உருமி வரும்போதா ஆடுகிறது என்று கேளுங்கள் என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது, பேசுவதானால் நேரே பேசுங்கள், இல்லையென்றால் இரண்டு பேரும் வெளியே போங்கள் என்று கத்திவிட்டேன். வேலுச்சாமி அண்ணன் கேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உருமிக்கு இல்லடா. அதுக்குப் பொறவு தொம்முன்னு ஒண்ணு வருதே, அதுக்கு."

நாட்ராயன் அண்ணனின் கையிலிருந்த பாத்திரம் சாய்ந்து பால் மேசையெல்லாம் ஓடியது. நுரை அடங்கக் காத்திருக்கிற மனிதர் அவர். அன்று கொட்டியதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் துடைத்தேன்.

அன்று சாயங்காலம் தம்பி பெட்டிக்குப் பக்கத்திலும் அண்ணன் தன் சமையலறையிலும் நின்றார்கள். தம்பி குமிழைத் திருகித் திருகிச் சுவருக்கு மேல் குரல் கொடுத்தார். அண்ணன் குடத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். இப்ப? ஆடுது. இப்ப? இன்னும் ஆடுது, கொறைடா. குடம் கிண்ணென்று லேசாக முனகி நிற்கிற இடத்தில் சரஸ்வதி அக்காவின் நகப்பூச்சால் குமிழில் ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். அதற்கு மேல் திருகக் கூடாது என்பது ஒப்பந்தம். அதன்பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் மேளம் ஒலிக்கும், அந்தப் பக்கம் குடம் முனகும். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அதை வைத்துத்தான் அண்ணன் தெரிந்துகொள்வாராம். சொசைட்டியில் அவர்களுக்கு நான் தேவைப்படாமல் போனேன். அதில் எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை.

நாட்ராயன் அண்ணனின் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு நான் சரஸ்வதி அக்காவைப் பார்க்கப் போனேன். பெட்டியின்மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடியிருந்தார். இனி இதைப் போட யார் இருக்கிறார்கள், பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வேலுச்சாமி அண்ணன் உள்ளே வந்தார். சேலையைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஒருக்கா போடுங்க அம்மணி. நான் எங்கூட்டுக்குப் போயர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரஸ்வதி அக்கா சேலையை எடுத்தார். நான் மேளத்தைப் போட்டு, குமிழை மெல்லத் திருகிச் சிவப்புக் கோட்டில் நிறுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் குடம் கிண்ணென்றது. குறைக்கச் சொல்வாரோ என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

"இன்னுங் கொஞ்சம் வெய்யுங்க."

கோடு வந்துவிட்டது, இதற்கு மேல் திருகினால் குடம் விழுந்துவிடும் என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

"உழுந்தா உழுகட்டும் அம்மணி" என்றார். குரல் உடைந்திருந்தது.

சரஸ்வதி அக்கா என் கையை விலக்கிவிட்டு, தானே குமிழைக் கோட்டைத் தாண்டித் திருகினார்.

நாட்ராயன் அண்ணா, நீங்கள் சண்டைக்குக் கூப்பிட்ட மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருக்கிறார். குடம் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவர் அதை எடுத்து வைக்கவில்லை. போய் வாருங்கள்.