சாச்சி பிடுங்கிய வெள்ளரிப் பூ

எங்கள் வீட்டு வளவில் வெள்ளரி காய்க்க வைத்தவள் நான்தான். இன்றைக்கும் யாரிடமும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்முனைக் கடலுக்கு நாலு வீடு தள்ளி, வெறும் மணல். மீன் கழுவிய தண்ணீரையும் தேயிலைச் சக்கையையும் ஊற்றி ஊற்றி அதில் ஒரு கொடியை வேலியில் ஏற்றினேன் என்றால் சும்மாவா? அப்போது எனக்குப் பத்து வயது. ரமழானின் முதல் நாளான தலை நோன்பன்று நோன்பு துறக்க என் கொடியின் காய்தான் என்று வீட்டில் சொன்னேன். அது போதாதென்று வகுப்பிலும் சொல்லிவைத்தேன்.

கொடி மஞ்சளாகப் பூத்ததும், உம்மாவின் தங்கையான சாச்சி அடுத்த வளவிலிருந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அல்லாஹ்வே, என்னா பூ! காய்க்கணுமே புள்ள" என்றார். சாச்சியின் கண் பொல்லாத கண். எங்கள் முருங்கையை அவர் மெச்சிய மறுநாளே கொப்பு முறிந்தது. கண்ணூறு படக்கூடாதென்று அன்றே படுக்கைக்கு மேல் கட்டும் பழைய நுளம்பு வலையை எடுத்து, கொடிக்கு முக்காடு போட்ட மாதிரி மூடிக் கட்டினேன்.

அதற்குப் பிறகு பூத்ததெல்லாம் உதிர்ந்தது. பிஞ்சுகள் விரலளவிலேயே மஞ்சளித்துச் சுருண்டன. நோன்புக்கு இன்னும் இரண்டு கிழமைதான். நான் சாச்சியை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனால், சாச்சி என் வலையைத் தூக்கிவிட்டுக் கொடிக்குள் குனிந்து நிற்கிறார். கையில் பிடுங்கிய பூ!

"உம்மோவ்! சாச்சி என்ட பூவெல்லாம் பிச்சிப் போடுறா!"

சாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "கத்தாத புள்ள. உனக்கு இதெல்லாம் விளங்காது." வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இனி இத மூடினியெண்டா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மாவோ என் பக்கம் கதைக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையே வந்தது.

ஆனால் தலை நோன்பன்று கொடியில் மூன்று காய்கள் தொங்கின! நானே பறித்தேன், நானே வெட்டினேன், உப்பும் மிளகுத்தூளும் தூவி நானே பங்கு வைத்தேன். பள்ளியில் பாங்கு சொன்னதும், எங்களோடு நோன்பு துறக்க வந்திருந்த சாச்சியைப் பார்த்துக் கேட்டேன்: "நீங்க பூவப் பிச்சும் காய்ச்சிட்டுதானே, பாத்தீங்களா?"

"ஓம் மகள், உன்ட கைராசி" என்றார் சாச்சி.

பத்தாம் வகுப்பில் விஞ்ஞான ரீச்சர் ஒரு ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தொட்டுக் காட்டினார். வண்டு வராத இடத்தில் கையால் இப்படிச் செய்யலாம் என்றார். பிள்ளைகள் எல்லாரும் வாயை மூடிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டு வராமல் வலை கட்டியவள் நான். பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வதென்று கூச்சப்பட்டு முகம் சிவந்தவர் சாச்சி.

அந்தத் தலை நோன்பன்று வெட்டியதில் ஆகச் சின்னத் துண்டைத் தேடி எடுத்துத்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன்.