மூடி இல்லாத எட்டுத் துளைகள்

குளிர் மலையூரான ஹட்டனில், மின்விசிறி வேண்டாதபடி நாங்கள் கட்டிய பசுமை வீட்டின் வரைபடத்தில் எட்டுக் காற்றுத் துளைகள் இருந்தன. எண்ணிப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன்.

குடிபுகுந்த மறுநாள் விடியலில் அவற்றின் வழியே மூடுபனி இறங்கி, கட்டிலைச் சுற்றி மிதந்தது. மேகத்தில் படுத்திருப்பதுபோல் கிறங்கிக் கிடந்தேன். ஆஸ்துமாக்கார மனைவி மூச்சுத் திணறுவது பிறகுதான் கேட்டது. பதறி எழுந்து இன்ஹேலரைக் கொடுத்தேன். துளைகளில் சாக்கை அடைத்தேன்.

ஒப்பந்தக்காரரை அழைத்தால், “காத்தோட்டம்னுதானுங்களே ஐயா எழுதியிருக்கு? மூடி போடணும்னு இல்லையே. கொழும்புல இப்படித்தான் கட்டுறோம்” என்றார்.

மூச்சு திரும்பிய மனைவி, “நமக்கா வீடு கட்டுனாரு? மேகத்துக்குல்ல மடம் கட்டியிருக்காரு!” என்றாள்.

மூடிகளை என் செலவில் போட்டேன். இப்போது யார் வீடு கட்டும் ஒப்பந்தத்தைக் காட்டினாலும், மூடுபனி நாளில் அறை உலர்ந்திருக்க வேண்டும், தவறினால் கட்டியவரே திருத்த வேண்டும் என்று எழுதிய பிறகே கையெழுத்திடச் சொல்கிறேன்.