சிரிக்காமல் நடந்து வரச் சொன்னார்கள்

கஷ்டப்படுகிற ஜனங்களைப் பற்றி அக்கறையோடு படம் எடுக்கிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. கூடவே ஒரு கோபமும் உண்டு. அந்தப் படங்களில் யாரும் சிரிப்பதே இல்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து கஷ்டப்படுகிறார்கள். தண்ணீர் பிடிக்கும்போதும், பிள்ளைக்குத் தலை வாரும்போதும் அதே முகம்தான். பின்னால் வயலின் வேறு அழுதுகொண்டிருக்கும். எங்கள் தெருவிலும் கஷ்டத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் குழாயடியில் சிரிப்புச் சத்தம் கேட்காத நாள் ஒன்று எனக்கு நினைவில் இல்லை.

அம்மா ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தாள். மெஷின் ஓடுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்குள்ள பெண்கள் சத்தமே இல்லாமல், வாயை நன்றாகத் திறந்து, உதட்டை அசைத்துப் பேசிக்கொள்வார்கள். இந்தக் கோடியில் நிற்பவள் சொல்கிற கதைக்கு அந்தக் கோடியில் நிற்பவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. விருந்தாளி நடுவீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே, அம்மா அடுப்படி வாசலில் நின்று, "சீனி இல்ல, எதுத்த வீட்டுல வாங்கியா" என்று உதட்டாலேயே எனக்குச் சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டில் பந்திக்கு எதிர்ப் பந்தி உட்கார்ந்தால் போச்சு. மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி அவள் ஏதாவது சொல்ல, எனக்குச் சாம்பார் புரையேறும். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே நான் அம்மாவின் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

இப்போது அம்மா இல்லை. நெஞ்சு முழுக்கப் பஞ்சுத் தூசி என்று டாக்டர் சொன்னார். போட்டோக்கள் இருக்கின்றன. முன்பல் எடுப்பாக இருக்கும் என்கிற வெட்கத்தில் எல்லாவற்றிலும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். வீடியோ எடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அசைந்து, திரும்பி, வாய் திறந்து பேசுகிற படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது ஒரு சினிமாவில் இருக்கிறது.

மில் தொழிலாளிகளைப் பற்றிப் படம் எடுக்க ஒரு கூட்டம் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. பூட்டிக் கிடந்த ஒரு பழைய மில் வாசலில் ஷூட்டிங். இரவு வேலை முடிந்து பெண்கள் வெளியே வருகிற மாதிரி ஒரு காட்சி. கூட்டத்தில் நடக்க எங்கள் தெருப் பெண்களைக் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் நான் அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா அன்று காலைதான் நைட் ஷிப்ட் முடித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் சினிமாவில் வரப்போகிறோம் என்று குளித்து, என் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அங்கே போனதும் முதல் வேலையாகப் பூவை எடுக்கச் சொன்னார்கள். பிறகு ஆளுக்கொரு வெளுத்த சேலையைக் கொடுத்தார்கள். அம்மாவோடு மில்லில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அத்தை அதை விரித்துப் பார்த்துவிட்டு, "மதினி, இத நான் கரித்துணிக்குக்கூட வச்சிக்கிட மாட்டேன்" என்றாள். அங்கே ஆரம்பித்தது சிரிப்பு.

முதல் தடவை நடந்து வரும்போதே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கட். மறுபடி நடந்தார்கள். மறுபடி கட். உதவி இயக்குநர், சின்னப் பையன், ஓடி வந்து கும்பிட்டான்.

"அம்மா, தயவுசெஞ்சு சிரிக்காதீங்கம்மா. நீங்க ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு வர்றீங்க."

"நெசமாவே ராத்திரி பூரா வேல பாத்துட்டுத்தான் தம்பி வாரோம்" என்றாள் அம்மா.

அவன் மறுபடி கும்பிட்டான். "இருந்தாலும் சிரிக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் கேமராவுக்குப் பக்கத்தில், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு நின்றிருந்தேன். கடைசியாக எடுத்தபோது அம்மா என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவன் வெயிலைத் திருப்புகிற வெள்ளை அட்டையைத் தூக்கி எனக்கு முன்னால் பிடித்துவிட்டான். நான் எக்கிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. டைரக்டர் கைதட்டினார்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "யம்மா, என்னமோ சொன்னியே, என்னது?"

"பொறவு சொல்லுதேன். கண்ணு சொக்குது."

வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவளும் மறந்தாள், நானும் மறந்தேன்.

படம் வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் படம் போட்ட முதல் நாளே போனேன். படம் பொய் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தலைமுடியில் ஒட்டின பஞ்சு, வேனில் உட்கார்ந்தபடியே தூங்குவது, கதாநாயகியின் அந்த இருமல், எல்லாம் அப்படியே. இருமல் கேட்டதும் எனக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது. அம்மா எப்படிச் செத்தாள் என்பது அந்த டைரக்டருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. பெண்கள் வாசல் தாண்டி வருகிறார்கள். அம்மாவின் முகம் திரை முழுக்க. கன்னம் துடிக்கிறது, கண் கலங்கியிருக்கிறது, உதடு எதையோ சொல்கிறது. வயலின். "ஐயோ பாவம்" என்றார் பின் வரிசையில் ஒருவர். எனக்குக் கண்ணீர் மறைத்ததில் உதட்டைப் படிக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் சொன்னது அங்கே இருக்கிறது, நான் கோட்டை விட்டுவிட்டேன். மறுபடி போவதற்குள் படத்தைத் தூக்கிவிட்டு வேறு படம் போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு எனக்கு அந்த நினைப்புதான். பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், என்ன சொல்லியிருப்பாள், என்ன சொல்லியிருப்பாள் என்று மனசு அடித்துக்கொண்டது. அம்மா எனக்கென்று சொல்லி, நான் வாங்கிக்கொள்ளாத ஒரு பேச்சு மிச்சம் இருக்கிறது என்றால் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்? போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒருவர் அந்தப் படத்தைப் பற்றி விளக்கமாகப் பேசியிருந்தார். மில் வாசல் தாண்டி வருகிற அந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு வர்க்கத்தின் துயரமே இருக்கிறது என்றார். இருக்கலாம். எனக்கு அவள் வாயில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

பல மாதம் கழித்துப் படம் போனுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் தேடி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "நீ தனியாப் பாரு" என்று கடைக்குப் போய்விட்டார். மத்தியான நேரம். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். வயலின் வேண்டாம் என்று சத்தத்தை முழுக்கக் குறைத்தேன்.

சத்தம் போனதும் அது மில் ஆகிவிட்டது. அம்மா வாசல் தாண்டி வருகிறாள். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, தூரத்தில் நிற்பவளுக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாள்.

"அங்கிட்டு நில்லுட்டி. ஒன்னயப் பாத்தா சிரிப்பு வருது."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கன்னம் துடித்தது சிரிப்பை அடக்கித்தான். கண் கலங்கினதும் அதனால்தான். சாவு வீட்டில்கூட அவளுக்கு இப்படி வந்துவிடும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடுவாள். இங்கே ஓட முடியாமல், இரவல் சேலையில், கேமராவுக்கு முன்னால் மாட்டிக்கொண்டாள்.

படத்தை அந்த இடத்தில் நிறுத்தினேன். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் வெடித்திருப்பாள். அதற்குள் வெட்டிவிட்டார்கள்.

போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, சத்தம் வராமல், வாயை நன்றாகத் திறந்து அம்மாவிடம் சொன்னேன்.

"நான் இங்கனதான் நிப்பேன். நீ சிரிம்மா."