பெயர் கூப்பிடாத கஞ்சி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு முடிகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், லயத்து மக்களுக்கும், பதுளையிலிருந்தும் பசறையிலிருந்தும் மேடேறி வந்த நண்பர்களுக்கும் இந்தத் தம்பியின் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவரைத் தெய்வமாக்கி எழுதுவது வழக்கம். அக்காவை அப்படி எழுதினால் அவரே எழுந்து வந்து, "பொய் சொல்லாதடா" என்பார். ஆகவே எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதுகிறேன். இதில் என்னுடைய வெட்கக்கேடும் கொஞ்சம் வரும். அதையும் படித்துவிடுங்கள்.

அக்கா பிறந்தது திருச்சி ஜில்லாவில், துறையூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். மழை பொய்த்த ஒரு வருஷம் அப்பாவும் அம்மாவும் ஏழு வயதுப் பிள்ளையான அவரைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். கொழும்பில் இறங்கி, பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். இப்போது தெமோதரைக்கு ரயில் வருவதைப் பெரிதாகப் பேசுகிறோம். அன்று பண்டாரவளைக்கு இந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது. அந்தப் பயணத்தைப் பற்றி அக்காவிடம் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான்: "குளிரு. வேற ஒண்ணும் ஞாபகமில்ல."

ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வேலைக்காரருக்கு வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் ஒன்றில்தான் நான் பிறந்தேன். எனக்கும் அக்காவுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். எனக்கு நாலு வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த மழைக்காலத்தில் அம்மா மலையில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அது சரியாகக் கூடவே இல்லை. கொழுந்து எடுப்பதில் பாதிதான் அவரால் முடிந்தது. அதனால் அரைப் பேர்தான் போட்டார்கள். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். லயத்தில் ஒரு குடும்பத்தின் நிலைமையைச் சொல்ல அந்த ஒரு வார்த்தை போதும்.

அக்காவுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் ஆயிற்று. அத்தான் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஊரில் தாயாரைப் பார்த்து வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. அவரைப் பற்றி அக்கா ஒரு குறையும் சொன்னதில்லை. நான் சொல்வேன், ஆனால் இந்த மலரில் வேண்டாம்.

எனக்குப் பத்து வயதானபோது லயத்துக் கோடியில் இருந்த பழைய சாமான் அறையில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். தகரக் கூரை, மண் தரை, ஒரு வாத்தியார், நாற்பது பிள்ளைகள். தாய்மார் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடவேண்டும். காலையில் வேலைக்காரர் எல்லோரும் வரிசையில் நின்று, பெயர் கூப்பிடக் கேட்டு, அன்றைய மலைக்குப் போகும் இடம்தான் பெரட்டுக் களம். அந்த அவசரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வாய் வெறுந்தேநீர் கிடைத்தால் பெரிது. வெயில் ஏறும்போது பள்ளிக்கூடத்தில் பாதித் தலைகள் தொங்கிவிடும். வாத்தியார் ரொம்பப் பயந்த மனிதர். ஆனாலும் துணிந்து தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் போய், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்று சொன்னார். துரையும் மனமிரங்கி, மிகவும் ஏழ்மையான பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் கஞ்சிக்கு அரிசி கொடுக்கச் சம்மதித்தார். காய்ச்சி ஊற்றும் வேலை அக்காவுக்கு வந்தது.

பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கங்காணி ஐயாவிடம் விடப்பட்டது. அவர் கெட்டவர் இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல், உண்மையிலேயே அடுப்பு எரியாத வீடுகளைத்தான் எழுதினார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே முறைப்படி அதை நடத்தினார். திங்கட்கிழமை காலை பெரட்டில், வேலைக்காரர் பெயர்களைக் கூப்பிட்டு முடித்த கையோடு, கஞ்சிக்குரிய பிள்ளைகளின் பெயர்களையும் தகப்பன் பெயரோடு சேர்த்து உரக்க வாசித்தார். பெரட்டில் பெயர் வந்தால் வேலை உண்டு, அரிசி உண்டு. அங்கே பெயர் வருவது நல்ல காரியம் என்றே அவர் முப்பது வருஷமாக நினைத்திருந்தார். நான்காவது பெயர் என்னுடையது.

தோட்டம் முழுவதும் நின்று கேட்டது. அம்மா கொழுந்துக் கூடையைப் பார்த்தபடி நின்றார். பின்வரிசையில் யாரோ, "ஓ, அவ்வளவுக்கு ஆயிப்போச்சா அவங்க வீட்டுல?" என்று கேட்டார்கள். கேலியாகக்கூட இல்லை, அனுதாபமாகத்தான் கேட்டார்கள். அதுதான் இன்னும் மோசம்.

அன்று கஞ்சிக்கு வந்தவர்கள் ஐந்து பேர். செவ்வாய்க்கிழமை இரண்டு. புதன்கிழமை ஒருவரும் இல்லை. கஞ்சிக்கு வராதது மட்டுமல்ல, அந்தப் பன்னிரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. நான் மூன்று நாளும் வீட்டிலிருந்து சிலேட்டோடு கிளம்பி, தேயிலைச் செடிகளுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பின்புறம் தெரியும். அக்கா அடுப்பூதுவதும், பானையைத் திறப்பதும், வழியைப் பார்ப்பதும், மூடுவதும் தெரியும். பசியில் எனக்குக் கண் இருண்டது. ஆனாலும் போகவில்லை. அக்காவின் மேல்தான் எனக்குக் கோபம். இவள் கரண்டி பிடிக்கப் போனதால்தானே என் பெயர் வந்தது என்று நினைத்தேன். பத்து வயது மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

புதன்கிழமை துரை குதிரையில் வந்து, நிறைந்தபடி ஆறிக்கிடந்த பானையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மறுபடி வருவேன், அன்றும் பானை இப்படி இருந்தால் பிள்ளைகளுக்குப் பசியில்லை என்று அர்த்தம், அரிசியை நிறுத்திவிடுகிறேன் என்றார். நான் செடிகளுக்குள் ஒளிந்தது தெரிந்து, அன்று மத்தியானமே அம்மாவும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"இவன் பள்ளிக்கூடம் போவலன்னா புல்லு வெட்டவாவது போகட்டும். திங்கக்கிழம பேரு பதிஞ்சுருவோம்."

"அம்மா, வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்க," என்றார் அக்கா. அம்மாவின் கைக்குத் தைலம் வாங்கவேண்டும் என்று பதுளைக்கு நடந்தார்.

அது நோன்பு மாதம். பதுளைக் கடைவீதியில் பள்ளிவாசல் ஓரமாகப் பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஜவுளிக்கடை முதலாளி வீட்டுப் பையனும், கடைவீதியில் மூட்டை சுமப்பவரும், ஒரு சிங்களக் கிழவியும் ஒரே வரிசையில் நின்றார்கள். அக்கா வெகு நேரம் நின்று பார்த்திருக்கிறார். ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தாராம்.

"என்ன புள்ள, கஞ்சி வேணுமா?"

"நான் தோட்டத்து ஆளுங்க. யாருக்குன்னு கேக்காமயா ஊத்துறீங்க?"

"கஞ்சிக்கு என்னத்துக்கும்மா பேரு ஊரு? பாத்திரம் இருந்தா நீட்டுங்க."

அக்காவிடம் பாத்திரம் இல்லை. பெரியவர் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, தைலத்தையும் மறந்து, இருட்டுமுன் தோட்டத்துக்குத் திரும்பினார். வீட்டுக்கு வராமல் நேரே கங்காணி ஐயா வீட்டு வாசலில் போய் நின்றார். ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறார் என்று பார்க்க நானும் பின்னால் போய் வேலி ஓரம் நின்றேன். அதனால் அங்கே நடந்தது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும்.

"ஐயா, நாளையிலேருந்து பள்ளிக்கூடத்துல நாப்பது புள்ளைங்களுக்கும் கஞ்சி ஊத்தப் போறேன்."

"பன்னண்டு பேருக்குத்தானேம்மா அரிசி குடுத்திருக்காரு தொர?"

"தண்ணியா காய்ச்சுறேங்க. கீரை போடுறேன், பலாக்கொட்ட போடுறேன். அது என் பாடு. ஒங்க மகளும் உக்காந்து குடிக்கணும்."

கங்காணி ஐயாவின் மகளுக்கு வீட்டில் நெய்ச் சோறே கிடைக்கும். யார் கையால் யார் குடிப்பது என்ற பேச்சும் அந்தக் காலத்தில் சின்னப் பேச்சு இல்லை. அவர் மெதுவாகக் கேட்டார்.

"என் வீட்டுல சோறு இல்லன்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்க ஐயா. மூணு நாளா எங்கள அப்புடித்தான் பேசுறாங்க."

அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பேரக் கூப்புட்டா புள்ளைங்க சந்தோசமா வரும்னு நெனச்சேன்மா," என்றார். தான் செய்தது என்னவென்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். அக்கா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வேலி ஓரம் நின்ற என்னைப் பார்த்தும் பார்க்காதது போல நடந்தார்.

மறுநாள் பெரட்டில் கங்காணி ஐயா ஒரு பிள்ளையின் பெயரையும் வாசிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைக்கும் கஞ்சி. எம்மவளும் போறா," என்று மட்டும் சொன்னார். அன்று காலை அந்தப் பெண் வீட்டிலிருந்து ஒரு வெண்கலக் கிண்ணத்தோடு வந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் அக்கா சிரட்டை தேய்த்து வைத்திருந்தார். கிண்ணத்தைப் பார்த்ததும் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா அவள் கையிலிருந்து அதை வாங்கி, "நல்ல கிண்ணம்மா, இதுல எல்லாருக்கும் உப்பு வைப்போம்," என்று நடுவில் வைத்துவிட்டு, அவளிடமும் ஒரு சிரட்டையைக் கொடுத்தார். அவள் குடித்தாள். இரண்டாவதாக நான் குடித்தேன். கஞ்சி தண்ணீர்தான். அதைவிட ருசியாக நான் பிறகு எதையும் குடித்ததில்லை என்று எழுதினால் அது பொய். உப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை துரை வந்து, நாற்பது பிள்ளைகள் வரிசையாகக் குடிப்பதைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு பேர் எங்கே என்று வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் கங்காணி ஐயாவைப் பார்த்தார். கங்காணி ஐயாதான், "எல்லாம் நம்ம தோட்டத்துப் புள்ளைங்கதான் தொரே. பானை காலி," என்றார். துரை பானைக்குள் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அரிசி நிற்கவில்லை. ஆனால் இரண்டு வருஷம் வரை கூடவும் இல்லை. பன்னிரண்டு பேர் அரிசியில் நாற்பது பேருக்குக் காய்ச்சுவது எப்படி என்று அக்கா அந்த இரண்டு வருஷமும் தினமும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குரக்கன் மாவு போட்டார், வல்லாரை போட்டார், சில நாள் வெறும் நம்பிக்கையைத்தான் போட்டார்.

அக்கா செய்தது சரிதானா என்று லயத்தில் சண்டைகூட நடந்தது. இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஊற்றி இல்லாத வீட்டுப் பிள்ளையின் வயிற்றில் அடிக்கிறாளே என்று பேசினார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நானே ஒருநாள் பெரிய மனிதன் போல அவரிடம் அதைக் கேட்டேன். "பன்னண்டு பேருக்குக் கெட்டியா காய்ச்சுனேன், மூணாம் நாளு ஒருத்தரும் குடிக்கல. நாப்பது பேருக்குத் தண்ணியா காய்ச்சுனேன், அந்தப் பன்னண்டும் குடிச்சுச்சு. எனக்கு அது போதும்," என்றார். இன்று பசறைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வாத்தியார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

பதினைந்து வருஷம் அந்த அடுப்பில் நின்றவரின் நெஞ்சைப் புகை அரித்துவிட்டது. கடைசி மூன்று வாரம் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி நாள் காலையில் கஞ்சி வந்தபோது, கையில் வாங்கிவைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். ஏன் என்று கேட்டேன். "பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு இன்னும் வரல," என்றார். அவருக்கும் வந்த பிறகுதான் குடித்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுதால் திட்டுவார் என்று வெளியே போய் அழுதேன்.

இந்த இடத்தில் உதவி செய்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி நன்றி சொல்வது முறை. ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டித் தூக்கியவர்கள், இரவும் பகலும் பக்கத்தில் இருந்தவர்கள், காடு வரை வந்தவர்கள், இந்த மலருக்குக் காகிதம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர்களை எழுதவில்லை. எழுதினால் விட்டுப்போன ஒருவர் எங்காவது கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய அன்னதானத்துக்கு மிகவும் ஏழ்மையான இருபது வீடுகளைத் தேர்ந்தெடுத்து நானே ஒரு பட்டியல் எழுதினேன். அத்தனை வருஷம் அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவன், நாலாவது பெயராக நின்றவன், அதே காரியத்தைச் செய்தேன். எழுதி முடித்து, தவறு இல்லையே என்று உரக்க வாசித்துப் பார்த்தேன். நாலாவது பெயரில் குரல் நின்றுவிட்டது. காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

ஆகவே, இதைப் படித்து முடித்ததும் எல்லோரும் பள்ளிக்கூட முற்றத்துக்கு வாருங்கள். கங்காணி ஐயாவின் மகள் தம் பிள்ளைகளோடு வந்து, அந்த வெண்கலக் கிண்ணத்தில் உப்பு எடுத்து வைத்திருக்கிறார். பாத்திரம் வேண்டாம், சிரட்டை இருக்கிறது. யார் பெயரையும் கூப்பிட மாட்டோம்.